தாளை வெட்டிவிட்டு முகத்தை மாட்டியவர்களுக்கு

பாளையங்கோட்டையில், பொதிகை மலைப் பழங்குடிகளான காணி மக்களின் உருவப்படக் கண்காட்சியை நடத்திவரும் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

காரையாறு, மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி குடியிருப்புகளில் நான் எடுத்த படங்களை உங்களிடம் ஒப்படைத்தபோது ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. படத்தில் இருப்பவரின் பெயர், குடியிருப்பு, அவர் சொல்லச் சொன்ன இரண்டு மூன்று வரிகள். அவற்றைக் கேட்டு எழுதியவர் அதே மலையில் பிறந்து கல்லூரி முடித்த ஒரு பெண். படத்துக்குக் கீழே அந்த வரிகளும் இருக்கும் என்று நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் படங்களைத் தந்தேன்.

திறப்பு விழாவுக்கு வந்து பார்த்தால் சுவரில் ஒரு வரிகூட இல்லை. பெயர்கள் இல்லை. வண்ணத்தில் தந்த படங்கள் அத்தனையும் கறுப்பு வெள்ளையாகியிருந்தன. வாசலில் ‘மறைந்துவரும் மலையின் மைந்தர்கள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு முதியவரின் முகம். அழைப்பிதழிலும் அதே முகம். வண்ணார்பேட்டையில் கட்டியிருக்கும் பதாகையிலும் அதே முகம்.

அந்தப் படத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நான் எடுத்த படத்தில் அந்தப் பெரியவர் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் சாக்கின் மேல் மிளகு காய்கிறது. வலது கை முழங்காலில் இருக்கிறது. இடது கையில், மார்புக்கு நேராக, ஒரு தாள். நான்காக மடித்து மடித்து, மடிப்பு வழியே கிழிந்து, பசை நாடா ஒட்டிய தாள். வன உரிமை கேட்டு அவர் கொடுத்த மனுவுக்குக் கிடைத்த ஒப்புகைச் சீட்டு அது. முத்திரையின் ஊதா மை ஒரு பக்கம் கலங்கிப் போயிருக்கிறது. அந்தத் தாளை ஒரு பாலித்தீன் உறையில் போட்டு, உறையைப் பிஸ்கட் டின்னில் வைத்து, டின்னைப் பரணில் பத்திரப்படுத்தியிருந்தார். நான் கேமராவை எடுத்ததும், “பொறு தம்பி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எடுத்து வந்தார். எந்தப் பக்கம் பிடித்தால் முத்திரை தெரியும் என்று கேட்டுக் கேட்டுத் திருப்பினார். வெயில் பட்டு எழுத்து வெளுத்துவிடுமோ என்று நிழலுக்கு நாற்காலியை நகர்த்தினார். தன் முகம் எப்படி விழும் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையைக்கூடச் சீவிக்கொள்ளவில்லை.

நீங்கள் அவரைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறீர்கள்.

பார்வையாளர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ‘என்ன ஒரு சாந்தம்’, ‘ஆசை அறியாத கண்கள்’, ‘இயற்கையோடு வாழ்ந்தால் இப்படித்தான் முகம் தெளிந்திருக்கும்’ என்று பலர் உருகி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. கண்களைச் சற்றே இடுக்கி, உதடுகளை இறுக்கி, நேரே நம்மைப் பார்க்கும் ஒரு முகத்தைத் தனியாகக் காட்டினால் யாரும் அதில் தாங்கள் விரும்புவதைத்தான் படிப்பார்கள். தாளோடு சேர்த்துப் பாருங்கள். பதில் கேட்கிற முகம் அது. கேட்டுக் கேட்டு அலுத்த பிறகும் எழுந்து போகாத ஒருவரின் முகம். அவருடைய கோரிக்கையைச் சாந்தம் என்று மாற்றிக் காட்டிவிட்டீர்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று உங்கள் உறுப்பினர் ஒருவரிடம் அன்றைக்கே கேட்டேன். “கலை பேசட்டும் அண்ணாச்சி, மனுவெல்லாம் எதற்கு? வாசகம் போட்டால் அரசியல் ஆகிவிடும்” என்றார். நீங்கள் வாசகம் இல்லாமல் விடவில்லையே? வாசலில் இருக்கும் ‘மறைந்துவரும்’ என்பதும் ஒரு வாசகம்தான். அவர்கள் எழுதியதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீங்கள் எழுதியதை வைத்திருக்கிறீர்கள். அவர்கள் மறையவும் இல்லை. மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், தேனுக்கும் மிளகுக்கும் நியாயமான விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பழங்குடி மக்களைப் படம் எடுத்தவர்கள் இதே காரியத்தை முன்பும் செய்திருக்கிறார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளைப் படம் எடுப்பதற்காகவே வாழ்நாளைச் செலவிட்ட எட்வர்ட் கர்டிஸ், 1910-ல் பீகன் இனத்தவர் இருவரை அவர்கள் கூடாரத்துக்குள் எடுத்தார். இருவருக்கும் நடுவே ஒரு கடிகாரம் இருந்தது. அச்சில் வந்தபோது அது இல்லை. பூர்வகுடி என்றால் கடிகாரம் வைத்திருக்கக் கூடாது, பழங்காலத்திலேயே நிற்க வேண்டும் என்பது பார்ப்பவர்களின் ஆசை. அந்த ஆசைக்காக அழித்தார்கள். அதே காலத்தில் இங்கே சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் 7 தொகுதிகள் வெளியிட்டார். மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளவுகோல் வைத்து அளந்து குறித்தவர் அவர். அந்த அளவுகளில் அந்த மனிதர்களின் வழக்கு என்ன, வருத்தம் என்ன என்று தேடினால் கிடைக்காது. நீங்கள் அழித்தது கடிகாரம் இல்லை, நீல நாற்காலியும் ஒப்புகைச் சீட்டும். கர்டிஸ் எடுத்த அந்த இருவருக்கும் நடந்தது இந்தப் பெரியவருக்கும் நடந்திருக்கிறது.

இன்னொரு படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1936-ல் கலிபோர்னியாவில் டொரோத்தியா லாங்கே எடுத்த, கன்னத்தில் கை வைத்துத் தொலைவைப் பார்க்கும் தாயின் படம். பொருளாதாரப் பெருமந்த காலத்து வெள்ளை ஏழைத் தாயின் அடையாளமாக உலகமெல்லாம் அந்தப் படத்தைக் கொண்டாடியது. எடுத்தவர் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 1978-ல்தான், அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிந்தது. அவர் செரோக்கி பூர்வகுடி வழி வந்தவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. நிலத்தை இழந்து ஒதுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் மகளை உலகம் இத்தனை காலம் பார்த்துக்கொண்டே இருந்தது, அவர் யார் என்று அறியாமலே. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு பயன் இல்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் மனம் கசந்து சொன்னார். படம் நன்றாக இருந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்தப் பெண்ணுக்கு நியாயம் நடந்ததா என்பது தனிக் கேள்வி.

இதற்கு நேர் மாறான வழியும் உண்டு. பிரேசிலில் யனோமாமி என்ற பழங்குடி மக்களிடையே சாலைக்கும் தங்கத்துக்கும் வந்தவர்கள் தட்டம்மையையும் பிற நோய்களையும் கொண்டுவந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் தடுப்பூசி போடப் போன குழுவோடு கிளாடியா அண்டுஜார் என்ற புகைப்படக்காரர் போனார். மருத்துவப் பதிவேட்டுக்காக ஒவ்வொருவர் கழுத்திலும் எண் எழுதிய பட்டை தொங்க, அவர் எடுத்த முகங்கள் இன்று உலகக் காட்சியகங்களில் இருக்கின்றன. அவர் அந்த எண்களை மறைக்கவில்லை. பார்ப்பவருக்கு உறுத்தட்டும் என்று அப்படியே வைத்தார். எண் இருப்பதால்தான் ‘ஏன் இவர்களுக்கு எண்?’ என்று நாம் கேட்கிறோம், நோயும் சாலையும் தங்கமும் அந்தப் படத்துக்குள் வருகின்றன. படம் எடுத்ததோடு நிற்காமல் யனோமாமி நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் அவர் போராடவும் செய்தார். 1992-ல் அந்த நிலம் அவர்களுடையது என்று எல்லை வகுக்கப்பட்டது. உருவப்படம் ஒரு சமூகம் படும் பாடுகளைச் சொல்ல முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் படங்களைத்தான். முகத்தின் சுருக்கம் மட்டும் அதைச் சொல்லிவிடாது. கழுத்தில் என்ன தொங்குகிறது, கையில் என்ன இருக்கிறது, பின்னால் என்ன நிற்கிறது, யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் சொல்லும்.

நான் பெரிய கலைஞன் இல்லை. அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என் சோறு பாஸ்போர்ட் அளவுப் படத்தில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும் காணிகள் என் கடைக்கு வருவது ரேஷன் அட்டைக்கும் ஆதாருக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் பழங்குடிச் சான்றிதழுக்கும் படம் எடுக்கத்தான். வெள்ளைத் திரை முன் உட்கார்ந்து, இரண்டு காதும் தெரியும்படி முடியை ஒதுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். படம் திரும்பி வந்துவிடக் கூடாது, மறுபடி பஸ் பிடித்து இறங்கி வர வேண்டியிருக்கும் என்ற கவலை அந்தப் பார்வையில் தெரியும். அரசுப் பட்டியலில் ‘காணிக்காரர்’ என்ற பெயர் மாநிலம் முழுவதற்கும் பொதுவாக இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களுக்கும் மட்டும்தான். எல்லை தாண்டிக் குடிபோனவர் தான் யார் என்பதை ஒவ்வொரு மேசையிலும் நிரூபிக்க வேண்டும். அந்த மனுவின் மூலையில் ஒட்டும் சின்னப் படம் நான் எடுத்தது. நீங்கள் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கும் முகமும் நான் எடுத்தது. அந்தப் பெரியவருக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் அவர் எடுத்துக்கொண்டது மனுவோடு சேர்வதற்காக.

வாசகங்கள் வெறும் உணர்ச்சி என்று நினைத்தீர்களோ என்னவோ. அவற்றுக்குச் சட்டப் பொருளே உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், உரிமை கோருபவர் தவிர்த்த ஊர் முதியவர்களின் வாய்மொழியை எழுத்தில் பதிவு செய்தால் அதுவும் ஒரு சான்று. காகிதம் இல்லாத மக்களுக்கு அவர்கள் நினைவே ஆவணம் என்று சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் அது. அப்பெரியவர் பிறந்தபோது முண்டந்துறை சரணாலயம்கூடக் கிடையாது. அது 1962-ல் வந்தது. களக்காடு 1976-ல் வந்தது. இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது 1988-ல். சட்டத்தின் விதிகள் வந்த 2008-லேயே நம் மாநிலத்தில் உரிமைச் சான்று வழங்க உயர்நீதிமன்ற உத்தரவால் தடை விழுந்தது. அது நீங்க 2016 ஆகிவிட்டது. இந்த ஆண்டுகளையெல்லாம் அவர் தன் வரிகளில் சொல்லவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: “என் அப்பன் நட்ட பலா இங்கே நிற்கிறது. பலாவுக்கு வயது கேளுங்கள். பிறகு எனக்கு ஒரு தாள் கொடுங்கள்.” இதைவிடச் சிறந்த படவாசகத்தை எந்தக் கலை விமர்சகரும் எழுதிவிட முடியாது. இதைத்தான் நீங்கள் குப்பையில் போட்டீர்கள்.

அந்த வரிகளை எழுதிய பெண்ணும் உங்கள் சுவரில் இருக்கிறார். தன் வீட்டு வாசலில், சான்றிதழ்க் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் படம். கோப்பு இருட்டில் கரையும்படி படத்தைக் கறுப்பாக்கி, ‘வனமலர்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். தன் படத்துக்கு அவரே எழுதிய வரிகள் இவை: “நான் வரலாறு படித்தேன். பஸ் நிற்கும் இடம் வரை நடந்து போய்ப் படித்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு இங்கேயே பாடம் சொல்ல எனக்கு வேலை வேண்டும்.” திறப்பு விழாவன்று அவர் தன் அம்மாவோடு காரையாற்றிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “நான் எழுதியது எங்கே, அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். அவர் அம்மா அந்தத் தலைப்புப் பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்துக் காட்ட மகளுக்கு வாய் வரவில்லை.

விழா மேடையில் மூட்டுக்காணியை உட்கார வைத்துப் பேசச் சொல்வீர்கள் என்று எண்ணியிருந்தேன். ஊரின் தலைமை அவருடையது. குடியிருப்பில் எந்த விவகாரம் என்றாலும் அவர் வாய்ச்சொல்லுக்குக் காத்திருப்பார்கள். அவரை நிறுத்தி வைத்துக் கொக்கரை என்ற இசைக்கருவியை இசைக்கச் சொன்னீர்கள். கொக்கரை அவர்களுக்குத் தெய்வ காரியத்துக்கானது, நோய் தீரப் பாடும் பாட்டுக்கானது. அது முடிந்ததும் கைதட்டினோம். பிறகு பேசியவர்கள் எல்லாரும் நம் ஊர்க்காரர்கள். மலைவாழ் மக்களின் கள்ளமில்லா மனத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். அந்த மக்கள் பின் வரிசையில் இருந்தார்கள்.

இப்போது இதே படங்களைச் சென்னைக்குக் கொண்டுபோவதாகவும், படத்தொகுப்பு நூலும் அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டியும் அச்சிட்டு விற்கப்போவதாகவும் அறிவித்திருக்கிறீர்கள். விற்பனை என்று வந்துவிட்டால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே பொதிகையின் மேற்குச் சரிவில், 1987-ல், மலையேறிய அறிவியலாளர்களுக்குக் களைப்பு தீரக் காணிகள் ஒரு காட்டுச்செடியின் காயைக் கொடுத்தார்கள். அந்தச் செடியிலிருந்து மருந்து பிறந்தது. கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம், அந்த மருந்தின் உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணி சமுதாயத்துக்குத் தர ஒப்புக்கொண்டது. நடைமுறையில் அதில் குறைகள் பேசப்பட்டதுண்டு. ஆனாலும் அறிவு யாருடையதோ அவர்களுக்குப் பங்கு உண்டு என்பதை ஏற்றார்கள். முகம் யாருடையதோ அவர்களுக்கு உங்கள் நாட்காட்டியில் என்ன பங்கு? படம் எடுத்தபோது கண்காட்சிக்குத்தான் அவர்கள் சம்மதித்தார்கள். நாட்காட்டிக்கு அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை.

உங்களுக்கு அந்த மக்கள் மேல் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. மண்டபத்துக்கும் படச் சட்டங்களுக்கும் கைக்காசு போட்டுச் செலவு செய்திருக்கிறீர்கள், அதை அறிவேன். அதனால்தான் மடலாக எழுதுகிறேன். உங்களால் இதைச் சரிசெய்ய முடியும், செய்யவும் வேண்டும். நான் கேட்பவை இவை.

கண்காட்சி முடிய இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் வாசலில் இருக்கும் தலைப்பை எடுத்துவிடுங்கள். ‘வனமலர்’ போன்ற பெயர்களையும் எடுத்துவிடுங்கள். பெரியவரின் படத்தை நாற்காலியும் மிளகும் தாளும் தெரிய, வண்ணத்தில், நான் தந்தபடியே மாட்டுங்கள். பெரிதாக அச்சிடும் செலவை நான் ஏற்கிறேன். பதாகையையும் மாற்றுங்கள்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெயரையும் வாசகத்தையும் வையுங்கள், ஒரு எழுத்தும் மாற்றாமல். பெயர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதை மதியுங்கள். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் படத்தில் இருப்பவர், நீங்களோ நானோ இல்லை. வாசகங்களின் நகல் என்னிடம் இருக்கிறது. எழுதிய பெண்ணின் பெயரும் என் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவில் இருக்க வேண்டும்.

நாட்காட்டியை நிறுத்துங்கள். நூல் வருவதானால் அந்தந்தக் குடியிருப்பில் கிராம சபை கூட்டி, அச்சுக்குப் போகும் பக்கங்களைக் காட்டி, எழுத்தில் சம்மதம் பெற்ற பிறகு வரட்டும். விற்ற பணத்தில் பாதி அவர்கள் சொல்லும் வழியில் அவர்களுக்குப் போகட்டும். சென்னைக்குப் போகும் முன்பு இந்தப் படங்கள் மயிலாற்றிலும் இஞ்சிக்குழியிலும் மாட்டப்பட வேண்டும். அங்கே யார் எந்தப் படத்தைக் கழற்றச் சொன்னாலும் கழற்றிவிட வேண்டும்.

நிறைவு விழா மேடையில் மூட்டுக்காணிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நாற்காலி போட்டு, முதலில் அவர்களைப் பேச விடுங்கள். மாவட்ட அதிகாரிகளை அழைக்கும் வழக்கம் உங்களுக்கு உண்டு. அவர்கள் முன்னிலையில் பெரியவர் அந்த ஒப்புகைச் சீட்டை நேரில் காட்டிக் கேட்கட்டும்.

இவற்றில் எதையும் செய்ய இயலாது என்றால், என் படங்கள் அனைத்தையும் கோப்புகளோடு நிறைவு விழாவுக்கு முன்பே திருப்பித் தந்துவிடுங்கள். பதிலை எழுத்தில் தாருங்கள். எனக்கு ஒரு பிரதி, மலைக்கு ஒரு பிரதி.

இப்படிக்கு,
படங்களை எடுத்தவன்,
அம்பாசமுத்திரம்